ஆறாம் அறையின் இரண்டாவது நெற்றி

மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நீ கைப்பட எழுதினால்தான் நம்புவேன். ஆபீஸ் போனில் பேசினால் கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால் பழையபடி கடிதம்தான்.

இல்லத்தின் வாசலைப் பூட்டிவிட்டார்கள். ஓய்வுபெற்ற சிப்பாய்கள் நாற்பது பேரும் உள்ளே, கொரோனா வெளியே என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் மட்டும் தினமும் வெளியிலிருந்து வருகிறார். பால்காரர் வருகிறார். சமையல்காரர் இரண்டு நாளாகத் தொண்டையைச் செருமுகிறார், கேட்டால் மிளகாய் நெடி என்கிறார். இருபத்திரண்டு வருஷம் சோதனைச் சாவடியில் நின்றவன் நான். டிரைவர் முழிக்கிற முழியை வைத்தே டிக்கியில் இருப்பதைச் சொல்லிவிடுவேன். இந்தச் சாமான் எந்த வழியாக உள்ளே நுழையும் என்றுதான் பிடிபடவில்லை.

அறைக் கதவுகளில் இடுப்பு உயரத்துக்கு ஒரு திறப்பு வெட்டியிருக்கிறார்கள். காலையும் மாலையும் ஓர் உதவியாளர் வருகிறார். இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண். உச்சி முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பு, கண்ணாடி முழுக்க ஆவி. "ஆறு ஒண்ணு" என்பார், நான் குனிந்து நெற்றியைக் காட்ட வேண்டும். "ஆறு ரெண்டு" என்றால் என் அறைத் தோழன் ரேடியோ. வயர்லெஸ் பிரிவில் இருந்து வாய் ஓயாமல் பேசியதால் அவனுக்கு அந்தப் பெயர் என்பது உனக்குத் தெரியும். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சலை அளந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். தெர்மாமீட்டர் என்று அவருக்குப் பெயர் வைத்தாயிற்று.

காய்ச்சல் கண்டால் மூடிய வண்டி வருகிறது. அடுத்த கட்டடத்திலிருந்து மூன்று பேர் போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. எங்கே என்று கேட்டால் கிளார்க் கூரையைப் பார்க்கிறார்.

நீ இந்தப் பக்கம் வர வேண்டாம். கடிதத்தைக்கூட மூன்று நாள் வெயிலில் போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணன்

(ஓரத்தில், வேறு கையெழுத்தில்: தங்கச்சி, உன் அண்ணன் என் சட்டைப் பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறான். அவனைக் கொரோனா நெருங்கினால் அதற்குத்தான் ஆபத்து. – ரேடியோ)

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். கைப்பட எழுதிவிட்டேன், நம்பலாம். உங்கள் மாப்பிள்ளையின் பஸ் டிப்போவில் தூங்குகிறது, அவர் வீட்டில் எனக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறார். ஹாரன் அடிக்காத குறைதான். நான் போனிலேயே கணக்குப் பாடம் நடத்துகிறேன். பாதிப் பேர் கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

சமையல்காரரைச் சந்தேகப்படுவதைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், அவர் கையால்தான் சாப்பிட வேண்டும். உங்கள் இருவரின் நெஞ்சும் பழைய புகையும் புழுதியும் குடித்த நெஞ்சு. லேசாக இருமல் வந்தாலும் சொல்லிவிடுங்கள், வீம்பு வேண்டாம்.

ரேடியோ அண்ணாவின் மகள் போன் செய்கிறாளா? அவளையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பதினாறு துணி முகக்கவசம் தைத்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தங்கை

மே 3

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வந்து நாலு நாளாகிறது. பிழைத்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது. சோப்புக்கும் சாம்பாருக்கும் வாசனை வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். இரண்டாம் அறை டாங்கிக்காரர். நாலாம் அறையில் அண்ணன் தம்பிபோல இருந்த இரண்டு பேரும். ஏழாம் அறைத் தாத்தா. ரேடியோ.

உள்ளே கொண்டுவந்தது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தெர்மாமீட்டர் அம்மாதான். ரேடியோ விழுந்தது ஏப்ரல் 14 காலை. முந்தின நாள் மாலை வரை நோட்டில் அவனுக்குக் காய்ச்சலே இல்லை என்று எழுதியிருக்கிறது. அந்த அம்மா யாருக்கும் அளந்து பார்க்காமல் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறார். வெளியில் எங்கெங்கோ போய் வந்திருக்கிறார். மிச்சமிருக்கும் எல்லோரும் மனு எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ரேடியோவைப் பற்றி மேற்கொண்டு கேட்காதே.

அண்ணன்

மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பிழைத்து வந்ததற்கு அழுதேன். ரேடியோ அண்ணாவுக்கும் சேர்த்து அழுதேன். உங்கள் கடிதத்தின் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இந்தத் தடவையும் பார்த்தேன்.

அந்தப் பெண்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஐந்து உயிர். நேற்றே உங்கள் மேற்பார்வையாளருக்கு மூன்று பக்கம் புகார் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். அளக்காமலே எழுதினார் என்பதையும், வேலையை விட்டு நீக்க வேண்டும் என்பதையும் அழுத்தி எழுதியிருக்கிறேன். போலீசுக்கும் போகலாம் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கேட்காதே என்றீர்கள், ஆனாலும் கேட்கிறேன். நோட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, ஒரே அறையில் இருந்த உங்களுக்குமா அவர் காய்ச்சல் தெரியவில்லை? அடுத்தவன் டிக்கியில் இருப்பது தெரிகிற ஆளுக்கு அடுத்த கட்டிலில் இருப்பவரைத் தெரியவில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

மே 30

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உன்னை யார் புகார் எழுதச் சொன்னது? இங்கே நாங்கள் எழுதியதே போதும். உன் கடிதம் வந்த பிறகு மேற்பார்வையாளர் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலையில் விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், வழக்கும் வரும் என்று கிளார்க் சொன்னார்.

என்னை ஏற்கெனவே ஒருமுறை விசாரித்துவிட்டார்கள். நோய்க்குப் பிறகு எனக்கு ஞாபகம் சரியில்லை. ரேடியோ விழுவதற்கு முந்தின நாலு நாள் சுத்தமாக நினைவில் இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டரும் இந்த நோயில் அப்படி ஆவதுண்டு என்று எழுதிக்கொண்டார்.

புதிதாக வந்திருக்கும் உதவியாளர் வாட்டசாட்டமான ஆள். என்னை ஏன் அப்படிப் பார்க்கிறான் என்று தெரியவில்லை. முகக்கவசம் கிடைத்தது.

அண்ணன்

ஜூன் 10

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

நான் யாரென்றால், நீங்கள் புகார் எழுதினீர்களே அந்த உதவியாளர். உங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டி ஒரு நகலும் கொடுத்தார்கள். முகவரி அதில் இருந்தது. நான் எழுதுவது தப்பாக இருந்தால் மன்னிக்க வேண்டும். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன்.

நான் அளக்காமல் எழுதவில்லை அம்மா. ஒரு நாள்கூட எழுதவில்லை. நாற்பது நெற்றியையும் காலையிலும் மாலையிலும் பார்த்தேன். ஆறாம் அறையில் முதலில் கறுப்புக் குல்லாய் போட்ட அய்யா வருவார். அடுத்து பழுப்பு மப்ளர் சுற்றிய அய்யா வருவார். இரண்டு பேரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் நெற்றிதான்.

மப்ளர் அய்யாவுக்கும் காய்ச்சல் இல்லை. கருவியில் தெரிந்ததைத்தான் எழுதினேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் அவர் விழுவதற்கு முந்தின நாலு நாளும் இரண்டு பேருக்குமே இடது புருவத்துக்கு மேலே பிறைபோல ஒரு தழும்பு பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே குண்டில் அடிபட்டிருப்பார்கள், பாவம், அதற்கு முன்னால் நான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை விசாரணையில் சொன்னால் சிரிப்பார்களோ என்று சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஐந்து சிப்பாய்களைக் கொன்றவள் என்று என்னைச் சொல்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் சாமானைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். என் மகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதில்லை. நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர். அதனால் எழுதினேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உதவியாளர்

ஜூன் 17

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

அந்த உதவியாளர் எனக்கு எழுதியிருக்கிறார். ஆறாம் அறையில் இரண்டு நெற்றியிலும் இடது புருவத்துக்கு மேலே பிறைத் தழும்பு இருந்ததாம். உங்கள் தழும்பு எந்தப் போரில் வந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதினொன்று. என் பென்சிலை ஒளித்து வைத்தீர்கள், நான் சிலேட்டை வீசினேன். அப்பாவிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லி என்னைக் காப்பாற்றினீர்கள்.

ரேடியோ அண்ணாவுக்கு நெற்றியில் தழும்பே கிடையாது. போன வருஷம் நம் வீட்டுக்கு வந்தபோது எண்ணெய் தடவிக் கண்ணாடிபோல வைத்திருந்தார், முகம் பார்க்கலாம் என்று அவரையே கிண்டல் செய்தோம்.

இருபத்தெட்டு வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இரண்டு தாளில் ஒரே தப்பு இருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். அந்தக் கண்ணை உங்கள்மேல் திருப்ப எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

தங்கை

ஜூலை 4

தங்கைக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் பத்து நாள் வைத்திருந்தேன்.

இரண்டாவது நெற்றியும் என்னுடையதுதான்.

ஏப்ரல் 10 காலை அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. சொல்லிவிடலாம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டான். "மூடின வண்டியில மட்டும் என்னை ஏத்திடாதடா" என்றான். எல்லையில் அடிபட்டபோது அவனை அப்படியொரு வண்டியில் பதினொரு மணி நேரம் கொண்டுபோனார்கள். ஜன்னல் கிடையாது. பக்கத்தில் படுத்திருந்த இரண்டு பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். அவன் அவர்களோடு பேசிக்கொண்டே வந்தானாம். அதற்குப் பிறகு அவன் லிப்டில்கூட ஏறியதில்லை, மூன்று மாடியும் படிதான்.

எனக்கு யோசிக்கக்கூட நேரமில்லை, அந்த அம்மா "ஆறு ஒண்ணு" என்றார். காட்டினேன். "ஆறு ரெண்டு" என்றார். அவன் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தேன். பட்டாளத்தில் இது சாதாரணம். எனக்குக் காய்ச்சல் கண்ட சமயம் அவன் என் கோட்டைப் போட்டுக்கொண்டு என் காவலையும் சேர்த்து நின்றிருக்கிறான். கூட்டாளிக்காக நிற்பது என்று சொல்வோம். நாலு நாள் நின்றேன். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நினைத்தேன். அதற்குள் அவன் பொதுக் குளியலறைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தான். டாங்கிக்காரரும் மற்றவர்களும் அதே குழாயைத்தான் தொட்டார்கள்.

அந்த அம்மாமேல் எல்லோரும் விரலை நீட்டியபோது நானும் நீட்டினேன். யார்மேலாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தால் என் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள் என்பதைச் சாவடியில் பிடிபட்டவர்களிடம் கற்றேன். ஆனால் உனக்குப் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவன் வண்டியில் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பயம்.

அண்ணன்

ஜூலை 10

அண்ணாவுக்கு,

உங்களைத் திட்ட எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உங்களை எனக்குப் பிடிக்கும், ரேடியோ அண்ணாவையும் பிடிக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் மகளோடு யாரும் விளையாடுவதில்லை.

என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டேன். காரணம் எழுதவில்லை. காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் காட்டிக்கொடுத்தது ஆகும். நீங்கள் சொன்னால்தான் சரி. விசாரணைக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள். மூச்சு வாங்கினால் நின்று நின்று போங்கள்.

தங்கை

ஜூலை 26

தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மப்ளர் உட்பட.

நம்பவில்லை. மேற்பார்வையாளர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டாக்டர் என் பழைய வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார். அந்த நாலு நாள் நினைவில்லை என்று மே மாதம் நான்தானே சொன்னேன். "நோய் போனப்புறமும் மூளை தெளியாது. கூட இருந்தவர் போயிட்டார்னா தன்னாலதான்னு தோணும். உங்களை மாதிரி பட்டாளத்துக்காரங்களுக்கு இது ரொம்ப சகஜம்" என்று முதுகைத் தட்டினார். அந்த அம்மா இந்தத் தடவை சொன்ன தழும்புக் கதையையும் என்னிடம் கேட்டுச் சொல்கிறார் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களுக்கும் அது வசதி. நான் சொல்வது உண்மை என்றால், திறப்பு வெட்டியது யார், உள்ளே பார்க்காதே என்று உத்தரவு போட்டது யார் என்று கேள்வி வரும்.

இங்கே இருப்பவர்கள் மட்டும் நம்பிவிட்டார்கள். என்னோடு யாரும் பேசுவதில்லை. நான் வந்தால் குழாயடி காலியாகிறது.

ஆகஸ்ட் 19 தீர்ப்பு. என் ஞாபகம் சரியாக இருக்கிறது என்று காட்ட ஒரே ஒரு ஆள் இருக்கிறாள். ரேடியோவின் மகள். அந்த நாலு நாளும் அவள் தினமும் அவன் செல்லுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது நான். அவளுக்கு அப்பா ஒரே நாளில் போய்விட்டார் என்றுதான் தெரியும். அவளிடம் எப்படிப் போவேன்? அந்த அம்மாவின் வேலை போனால் போகட்டும் என்றுகூட நேற்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கு,

நினைத்தீர்கள். அதை எழுதவும் எழுதினீர்கள். அதனால் போவீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் அவளிடம் பேசவில்லை, பேசவும் மாட்டேன். கிளார்க் காதைத் தீட்டினால் தீட்டட்டும்.

தங்கை

ஆகஸ்ட் 22

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

போன் பேசினேன். பாதி சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். 19ஆம் தேதி வந்தாள், குழந்தையை வாசலில் யாரிடமோ விட்டுவிட்டு. அந்த அம்மாவும் வந்திருந்தார். அந்தப் பிளாஸ்டிக் உடுப்பு இல்லாமல் அவர் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். சின்னப் பெண். நான் ஏதோ பெரிய மனுஷி என்று நினைத்திருந்தேன். என் நெற்றியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் ரேடியோவின் மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு முதலில் என்னைக் கேட்டார். நாலு நாளும் அவள் என்ன பேசினாள், நீங்கள் என்ன சொன்னீர்கள். சொன்னேன். முதல் நாள் அப்பாவின் காது மெஷினுக்கு பேட்டரி இருக்கிறதா என்று கேட்டாள். தூங்குகிறார், எழுந்ததும் கேட்கிறேன் என்றேன். இரண்டாம் நாள் குழந்தைக்குக் கீழ்ப்பல் முளைத்திருக்கிறது என்றாள். தூங்குகிறார் என்றேன். மூன்றாம் நாள் "இன்னுமா தூங்குறார் பெரியப்பா?" என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டார் என்றேன். நாலாம் நாள், "எழுப்ப வேணாம். போனை அவர் காதுகிட்ட வச்சா போதும், நானே பேசிக்கிறேன்" என்றாள். நாளைக்குப் பேசலாம்மா என்று வைத்துவிட்டேன்.

பிறகு அவளை உள்ளே கூப்பிட்டு அதையே கேட்டார்கள். நான் சுவரோரம் நின்றேன். ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேட்டரி, பல், மாத்திரை, நாலாம் நாள். ஒரு வார்த்தை மாறவில்லை. மேற்பார்வையாளர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்.

அவள் எழுந்து என் பக்கம் திரும்பினாள். அத்தனை பேர் முன்னாலும் என்னை ஒன்றே ஒன்று கேட்டாள். "நாலாம் நாள் அப்பா நிஜமாவே தூங்கினாரா?"

இல்லையென்றேன். முழித்துக்கொண்டுதான் இருந்தான். யாரு, பாப்பாவா என்று கையை நீட்டினான். மூச்சிரைப்பு அவளுக்குக் கேட்டுவிடும், ஆபீசுக்குச் சொல்லிவிடுவாள் என்று நான்தான் போனைக் கொடுக்கவில்லை.

அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

அந்த அம்மா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். என் ஞாபகசக்தியில் எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
அண்ணன்